பேட்டரிக்கு விரதம்

சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் மாடிக் கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். படிக்கட்டில் ஆரம்பித்த வரிசை கீழே இறங்கி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போயிருக்கும். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பேட்டரி. கைக்குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கி வருவார்கள். வெயில் பட்டுவிடக் கூடாதென்று துண்டு போட்டு மூடிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வெயிலில் ஊறி நிறைவதற்கென்றே வாங்கிய பேட்டரிக்கு வெயில் ஆகாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

சொன்னவர் ஒளியார். துவண்டு கிடக்கும் பேட்டரியைத் தொடாமலே எழுப்பி உட்கார வைப்பவர். காவி கிடையாது, தாடி கிடையாது, மந்திரம் கிடையாது. மழமழவென்று சவரம் செய்த முகம், வெள்ளைக் கோட்டு, சட்டைப்பையில் நாலு பேனா. யாராவது காலைத் தொட்டுக் கும்பிடப் போனால் பதறிப்போய் விலகிக்கொள்வார். "நான் சாமியார் இல்லைங்க, ஆராய்ச்சியாளன்" என்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே கூட்டம் சொக்கிப் போய்விடும்.

வாரா வாரம் அந்த வரிசையில் முதல் ஆளாக ஒருத்தன் நிற்பான். கூடத்தின் கதவு திறப்பதற்கு வெகு முன்பே வந்து இடம் பிடித்தவன். அவன் எங்கள் வட்டாரப் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். கைரேகை பார்ப்பவனையும் பேய் ஓட்டுபவனையும் மேடை போட்டுக் கிழி கிழியென்று கிழித்தவன். ஏமாறாதீர்கள் மூடர்களே என்று தொண்டை கட்டும்வரை கத்தியவன். அந்தப் பெரிய மூளைக்காரன் நான்தான்.

சிரிப்பதாக இருந்தால் இப்போதே கொஞ்சம் சிரித்து வையுங்கள். பாக்கியை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் மனைவிக்கு மூச்சிரைப்பு. இழுப்பு வந்துவிட்டால் மருந்தைப் புகைபோல ஆக்கி மூக்கு வழியாக உள்ளே அனுப்பும் சின்ன மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதற்குக் கரண்டு வேண்டும். எங்கள் பகுதியிலோ மதியச் சாப்பாடு முடிந்து கை காய்வதற்குள் கரண்டு போய்விடும். எப்போது வரும் என்பது மின்சார அலுவலகத்துக்கே தெரியாது. அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவள். வீட்டிலிருந்தே வேலை. மதியம் முழுக்க, கரண்டு இல்லாத வீட்டில், அடுத்த தெருவில் இடிக்கிற கட்டடத்தின் தூசியைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது பெரிய கவலையாக இருந்தது. அதனால் ஒரு சோலார் பேனல் செய்வதென்று முடிவெடுத்தேன்.

கடையில் வாங்கியிருக்கலாம். வாங்கினால் செயலாளர் கௌரவம் என்ன ஆகும்? நானே செய்தேன். வெயிலைக் கரண்டாக மாற்றுகிற செல் என்பது காய்ந்த சருகு மாதிரி இருக்கும். தும்மினால் உடையும். நான் தும்மாமலே உடைத்தேன். மிஞ்சியதை வரிசையாக அடுக்கி, ஒன்றின் முதுகிலிருந்து அடுத்ததன் நெற்றிக்குத் தகரநாடா வைத்துப் பற்றவைத்தேன். பற்றவைத்த இடம் அவள் துணி தேய்க்கும் பலகை. அதில் இன்றைக்கும் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு இருக்கிறது. பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி அதன் அடியில் ஒட்டி, ஓரமெல்லாம் பசை அடைத்து, மொட்டை மாடியில் சாய்த்து வைத்தேன். கீழே ஒரு பேட்டரி, பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி ஒன்று. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட நாலு பச்சை விளக்கு. நாலும் எரிந்தால் நிறைந்திருக்கிறது, ஒன்று மட்டும் எரிந்தால் காலி.

மெஷின் ஓடியது. அவள் மூச்சை இழுத்து விட்டு, "பரவாயில்லையே, வேலை செய்யுதே" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் சும்மா இருப்பேனா? மன்றத்தில் வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் படம் போட்டேன். "இந்தச் செல்லெல்லாம் கைகோத்து நிக்குதுன்னு வச்சுக்குங்க. ஒருத்தன் சோர்ந்தா மொத்த வரிசையும் சோரும். அதனால ஒரு செல் மேலகூட நிழல் விழக் கூடாது" என்று கம்பீரமாகச் சொன்னேன். கை தட்டினார்கள். தையல்கார அக்கா செய்தார், முடிதிருத்துபவர் செய்தார், மன்றத் தலைவர் செய்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரு முழுக்க மொட்டை மாடிகளில் ஜன்னல் கண்ணாடிகள் மின்ன ஆரம்பித்தன.

இவ்வளவு பெரிய புரட்சிக்கு ஒரு சின்னம் வேண்டாமா? அச்சகக்காரரிடம் சொல்லி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் அடித்தோம். சிவப்புத் தரையில் கறுப்பு எழுத்து. ஒரே ஒரு சொல்: யோசி. ஓரச் சட்டத்தில் ஒட்டலாமே என்றார் தலைவர். ஓரத்தில் ஒட்டினால் தெருவில் போகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக்கு நட்ட நடுவில் ஒட்டச் சொன்னேன். எல்லோரும் ஒட்டினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மாடிக்கு மாடி யோசி, யோசி, யோசி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நாளிலேயே எல்லா வீட்டிலும் புலம்பல் ஆரம்பித்தது. பேட்டரி நிறையவே மாட்டேன் என்கிறது. தையல்கார அக்காவின் மெஷின் மோட்டார் ஒரு ரவிக்கையின் பாதியில் நின்றுபோகிறது. என் மனைவியின் மூச்சு மெஷின் மருந்து தீர்வதற்குள் முனகி முனகி அடங்குகிறது. "உங்க பேனல்ல ஏதோ கோளாறுங்க, ஒரு தடவை மேல ஏறிப் பாருங்களேன்" என்றாள் அவள். என் பேனலில் கோளாறா? வகுப்பெடுத்தவன் பேனலில்? "வெயில் முன்ன மாதிரி இல்ல" என்று சூரியன் மேல் பழியைப் போட்டேன்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஒளியார் வந்து சேர்ந்தார். ஒளிக்கல் என்று ஒன்று வைத்திருக்கிறாராம், பேட்டரி மேல் வைத்தால் சக்தி ஏறுகிறதாம் என்று சொன்னார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. தலைவரையும் கூட்டிக்கொண்டு, கையில் வோல்ட் மீட்டரையும் எடுத்துக்கொண்டு, அந்த ஆளைத் தோலுரிக்கக் கிளம்பினேன். ஆமாம், தோலுரிக்கத்தான் போனேன்.

"வாங்க சார், உங்களை மாதிரி ஆளுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் ஒளியார். "நான் சொல்றதை நம்பாதீங்க. உங்க மீட்டர்ல நீங்களே அளந்து பாருங்க."

அங்கேயே நான் பாதி கவிழ்ந்துவிட்டேன். அதுவரை எந்தச் சோதிடனும் என் மீட்டரிலேயே என்னை அளக்கச் சொன்னதில்லை.

தலைவரின் பேட்டரியை மேஜையில் வைத்தார். ஒரு பெரிய மின்விசிறியை அதில் மாட்டி ஓடவிட்டார். "முதல்ல இப்ப இருக்கிற நிலையைப் பார்ப்போம்." ஒரே ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மீட்டரும் அதையே சொன்னது. பிறகு மின்விசிறியைக் கழற்றினார். செம்புக்கம்பி சுற்றிய கறுப்பு வட்டக் கல் ஒன்றைப் பட்டுத்துணியிலிருந்து எடுத்துப் பேட்டரியின் மேல் வைத்தார். எல்லோரும் கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும், பேட்டரியும் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்க வேண்டும் என்றார். இதற்கு அவர் வைத்த பெயர் ஓய்வுநிலைச் செறிவூட்டல். எங்கள் தெரு ஜனங்கள் பேட்டரிக்கு விரதம் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கண்ணைத் திறந்தால் மூன்று விளக்கு எரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாவதும் எரிந்தது. மீட்டரை வைத்தேன். ஏறியிருந்தது. மறுபடி வைத்தேன். ஏறித்தான் இருந்தது. தலைவர் என் காதில், "மீட்டர் காட்டுதேய்யா" என்றார். "ஆமாங்க, காட்டுது" என்றேன் நான். இரண்டு பகுத்தறிவாளர்களும் ஆளுக்கொரு ஒளிக்கல்லோடு வீடு திரும்பினோம்.

கல்லுக்கு விலை இல்லை. ஆராய்ச்சி நன்கொடை மட்டும்தான். என் நன்கொடை கொஞ்சம் பெரியது, ஏனென்றால் செயலாளர் குறைவாகக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?

அதோடு முடியவில்லை. ஒருநாள் ஒளியார் என் வீட்டுக்கே வந்து மாடி ஏறிப் பேனலைப் பார்த்தார். நடுவில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் புன்னகை செய்தார். "ரொம்ப நல்ல வார்த்தை சார். இதை மட்டும் எடுத்துடாதீங்க" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். உச்சி வெயில் நேரத்தில் பேனலைக் கனமான துணியால் மூடி வைக்கச் சொன்னார். அந்த நேரத்து ஒளி முரட்டு ஒளியாம், கல்லின் அலையைக் கலைத்துவிடுமாம். அதையும் செய்தேன். வெயில் தலைக்கு நேரே வரும்போது போர்வையோடு மாடி ஏறுவேன், சாய்ந்த பிறகு போய் எடுத்துவிடுவேன்.

"ஏங்க, வெயில்ல வைக்கத்தானே பேனல் செஞ்சீங்க?" என்றாள் மனைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாது. இது அலைநீளம் சம்பந்தப்பட்டது."

"கல்லுக்கு அலைநீளம்னா என்னங்க?"

எனக்கும் தெரியாது. தெரியாததை மறைக்கக் கோபப்பட்டேன். "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி? மனசுல கொஞ்சம் நம்பிக்கை வேணும்" என்றேன். சொன்ன வாயைப் பாருங்கள். இதே வாக்கியத்தைச் சொன்ன ஒரு சோதிடரை நான் மேடையில் அரைமணி நேரம் வறுத்தெடுத்திருக்கிறேன்.

பிறகு ஒரு மதியம் வந்தது. கரண்டு போயிருந்தது. அடுத்த தெருவில் சுவர் ஒன்று முழுசாகச் சரிந்து, தூசி மேகம் மாதிரி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அவள் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள், எழுந்தவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இழுப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி ஏறி இறங்கியது. நான் பயப்படவில்லை. காலையிலிருந்து பேட்டரி விரதம் இருந்திருக்கிறது, நாலு விளக்கும் எரிகிறது. மருந்தை ஊற்றி மெஷினை மாட்டினேன். புகை வந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்தாள், இன்னொரு மூச்சு இழுத்தாள். விளக்கு நாலிலிருந்து இரண்டானது. ஒன்றானது. மெஷின் முனகி நின்றது.

அப்போது நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும். மெஷினைக் கழற்றினேன். கல்லை எடுத்துப் பேட்டரி மேல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். என் மனைவி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள், நான் அவள் எதிரே சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

முதுகில் படாரென்று ஒன்று விழுந்தது. அவளுடைய செருப்பு. திரும்பினால் வாசலைக் கை காட்டுகிறாள், பேச மூச்சில்லை. ஓடினேன். பக்கத்து வீட்டு டிரைவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். மருத்துவமனையில் அவள் முகத்தில் முகமூடியை மாட்டினார்கள். அவளுக்கு நிறம் திரும்புகிறவரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை. அப்போதும் என் மூளைக்குள் ஒரு மூலையில் என்ன ஓடியது தெரியுமா? கண்ணை மூடியிருந்தபோது கொஞ்சம் அசைந்துவிட்டேனோ, அதனால்தான் கல் வேலை செய்யவில்லையோ என்று ஓடியது.

வீட்டுக்கு வந்து தலையணையில் சாய்ந்துகொண்டு அவள் கேட்டாள். திட்டவில்லை. அலுவலக வேலையில் கேட்பது மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"கல் வச்சா விளக்கு ஏறுது. சரி. கல் வைக்காம ஒரு தடவை பண்ணிப் பாத்தீங்களா?"

நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

"உங்க மன்றத்துல வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"மீட்டரை மட்டும் தூக்கிட்டுப் போனீங்க."

"ஆமா."

வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த செங்கல்லை எடுத்து வரச் சொன்னாள். டேபிள் ஃபேனைப் பேட்டரியில் மாட்டினோம். ஒரு விளக்கு. ஃபேனைக் கழற்றிவிட்டுச் செங்கல்லை வைத்தோம். கண்ணை மூடவில்லை. ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்தோம். இரண்டு விளக்கு எரிந்தது, மூன்று எரிந்தது, கடைசியில் நாலும் எரிந்தது.

நல்ல புத்தி உள்ளவன் அங்கேயே திருந்தியிருப்பான். நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். "இத்தனை நாள் கல்லோட இருந்த பேட்டரி இல்லையா, பழக்கதோஷமா இருக்கலாம்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "இப்படிச் சொல்ற ஆளை மேடையில நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"மூடன்னு சொல்வேன்."

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்களேதான் சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் முதல் ஆளாக நின்றபோது என் இடுப்பில் பேட்டரி இருந்தது. தோளில் தொங்கிய துணிப்பையில் செங்கல் இருந்தது. பக்கத்தில் மனைவி இருந்தாள். படிக்கட்டின் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறினாள்.

"அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா, ரொம்ப சந்தோஷம்" என்றார் ஒளியார்.

"ஒரு சின்ன சந்தேகம் ஐயா" என்றாள் அவள்.

"கேளுங்கம்மா. சந்தேகம்தான் அறிவு."

"எங்க பேட்டரி ஒண்ணு, தையல்கார அக்காவோடது ஒண்ணு, ரெண்டையும் மேஜையில வைப்போம். ரெண்டு மேலயும் மூடின அட்டைப்பெட்டி ஒவ்வொண்ணு. ஒரு பெட்டிக்குள்ள உங்க கல் இருக்கும். இன்னொண்ணுல எங்க வீட்டுச் செங்கல் இருக்கும். எதுல எதுன்னு உங்களுக்கும் தெரியாது, கூட்டத்துக்கும் தெரியாது. விளக்கு ஏறினதும் பெட்டியைத் திறக்காம நீங்களே சொல்லுங்க, கல் எதுல இருக்குன்னு."

ஒளியார் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் நேரம் கழித்து வந்தது. "செய்யலாம்மா. ஆனா அவநம்பிக்கையோட இருக்கிறவங்க பக்கத்துல இருந்தா குறுக்கலை உண்டாகும். சோதனை சரியா வராது."

அவநம்பிக்கை உள்ளவர்கள் யார் என்று கூட்டம் சுற்றும் முற்றும் பார்த்தது. தையல்கார அக்கா சும்மா இருக்கவில்லை. "வச்சுத்தான் பார்க்கட்டுமே ஐயா. எத்தனை பேட்டரியை எழுப்பியிருக்கீங்க, ஒரு செங்கல்லுக்கா பயம்?" அவருக்கு ஒளியார் மேல் அவ்வளவு பக்தி. அந்தப் பக்திதான் ஒளியாரை மாட்டிவிட்டது. முடியாது என்று இனிமேல் எப்படிச் சொல்வார்?

தலைவர் கதவுக்கு வெளியே போய்ப் பெட்டிகளில் கல்லையும் செங்கல்லையும் போட்டு மூடிக்கொண்டு வந்தார். வழக்கம்போல மின்விசிறியை ஓடவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேட்டரியிலும் ஒரு விளக்கு. மின்விசிறியைக் கழற்றினார்கள், பெட்டிகளை வைத்தார்கள். கூடம் முழுக்கக் கண்ணை மூடியது. நான் மூடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கூடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

நாலு விளக்கு இங்கே. நாலு விளக்கு அங்கே.

"கல் எதுலங்க ஐயா?" என்றாள் அவள்.

ஒளியார் இரண்டு பெட்டிக்கும் மேலே உள்ளங்கையைக் காட்டினார். கண்ணைச் சுருக்கினார். இடதுபக்கப் பெட்டியைத் தொட்டார். "இதோ, அதிர்வு தெரியுது."

தையல்கார அக்கா பெட்டியைத் திறந்தார். எங்கள் வீட்டுச் செங்கல். மூலை உடைந்த செங்கல், ஒரு பக்கத்தில் எங்கள் கதவின் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார், அது அப்படியே படிக்கட்டு வரைக்கும் பரவியது.

"இது சாதாரணச் செங்கல் மாதிரி தெரியலம்மா" என்றார் ஒளியார், விடாமல்.

"வாசக்கதவுக்கு முட்டுக் கொடுத்தது ஐயா. மேல எதையுமே வைக்காம விட்டாலும் நாலு விளக்கு எரியும், பாக்கலாமா? அதுக்கு முன்னாடி இப்ப மின்விசிறியை மாட்டுங்க."

மாட்டினார்கள். இரண்டு பேட்டரியிலும் விளக்குகள் சரசரவென்று இறங்கி ஒன்றில் வந்து நின்றன. கல் வைத்ததும் காலி, செங்கல் வைத்ததும் காலி.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். மேடைப் பேச்செல்லாம் அவளுக்கு வராது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு இழுப்பு உண்டு. மாடி ஏறினா மூச்சு வாங்கும், இப்ப ஏறி வந்தப்பவும் வாங்குச்சு. கொஞ்ச நேரம் உக்காந்தா தெளிஞ்சிடும். அதுக்காக எனக்கு நோய் போயிடுச்சுன்னு அர்த்தமா? மறுபடியும் ஏறச் சொல்லிப் பாருங்க. உங்க பேட்டரியும் அப்படித்தான். வேலை செய்யும்போது துவளும், சும்மா விட்டா நிமிரும். அந்த விளக்கு காட்டுறது நிமிர்ந்திருக்கிறதை மட்டும்தான். உள்ள எதுவும் ஏறல. போன வாரம் இதை நம்பி நான் செத்திருப்பேன்."

தலைவர் என் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் என்ன செய்யும் பாவம், அது அளக்கச் சொன்னதை அளந்தது.

அப்புறம் கூச்சல் கிளம்பியது. நன்கொடையைத் திருப்பித் தரச் சொல்லி முடிதிருத்துபவர் ஒளியாரின் கோட்டைப் பிடித்தார். கோட்டு அவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஏதோ தண்ணீர் வடிகட்டி விற்கும் கடையின் பெயர் போட்ட பனியன். பனியனோடு நின்ற ஒளியார் ஒளியிழந்து சாதாரண ஆளாக இருந்தார். பணப்பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் பட்டுத்துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார். போகிறபோது என் பக்கம் வந்தார்.

"சார், கோவப்படாதீங்க. இந்தத் தெருவுல எனக்கு வேலை கொடுத்ததே நீங்கதான். நல்ல பேனலா இருந்தா என்கிட்ட யார் வரப் போறா? ஒவ்வொரு மாடியிலயும் ஒரு செல்லை மறைச்சு வச்சிருக்கீங்களே, அந்த ஸ்டிக்கர். அது மட்டும் இல்லைன்னா நான் அன்னைக்கே அடுத்த ஊருக்குப் போயிருப்பேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் சிலையாக நின்றேன். இந்த முறை யாரும் அசையாமல் இருக்கச் சொல்லவில்லை.

ஒரு செல் மேல்கூட நிழல் விழக் கூடாது. யார் சொன்னது? நான் சொன்னேன். கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒவ்வொரு பேனலின் நட்ட நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்கு நிழலை ஒட்ட வைத்தேன். அந்த நிழலில் எழுதியிருந்தது யோசி.

அன்று வெயில் இறங்குவதற்குள் நானும் மனைவியும் மாடி ஏறினோம். அவள் சமையலறைக் கத்தியை வெந்நீரில் நனைத்து ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினாள். நான் பேனலின் கம்பியில் மீட்டரை மாட்டிக்கொண்டு நின்றேன். ஸ்டிக்கர் பாதி உரிந்தபோது முள் நகர ஆரம்பித்தது. முழுசாக வந்ததும் துள்ளிக்கொண்டு மேலே போய் நின்றது. அந்தப் பேனல் செய்த நாளிலிருந்து எதையெல்லாமோ அளந்தேன், அந்த ஒரு ஸ்டிக்கரை எடுத்துவிட்டு அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

போர்வையையும் மடித்துப் பெட்டியில் வைத்தோம். அடுத்த தடவை மதியம் கரண்டு போய் அவளுக்கு இழுப்பு வந்தபோது மெஷின் மருந்து தீரும்வரை ஓடியது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு. அவள் முகமூடியைக் கழற்றி ஒரு நீளமான மூச்சு விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெருவில் எல்லோரும் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார்கள். ஒளியார் அடுத்த ஊரில் கோட்டு தைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எங்கள் ஜனங்கள் தெளிந்துவிட்டார்கள் என்று நினைத்து மன்றத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் போடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. மன்றத் தலைவர் நின்றார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் செங்கல்லை ஒரு நாளைக்கு மட்டும் தர்றியா? சும்மா, வச்சுப் பார்த்துட்டுத் தந்துடறேன்."

நான் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பேன். ஆனால் உரித்த ஸ்டிக்கரை மனைவி எங்கே ஒட்டியிருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. நான் தினமும் சவரம் செய்யும் கண்ணாடியில், என் நெற்றி தெரிகிற இடத்தில் சரியாக ஒட்டியிருக்கிறாள். முதல்நாள் பார்த்துவிட்டு, "இங்க எதுக்கும்மா, முகத்தை மறைக்குது" என்றேன்.

"மறைச்சா மறைக்கட்டும். அந்த இடத்துல வெளிச்சம் கம்மிதானே, நிழல் விழுந்து என்ன நஷ்டம்?" என்றாள்.

மிச்ச ஸ்டிக்கர்கள் மன்றத்தில் ஒரு கட்டு கிடக்கின்றன. கேட்டால் அனுப்பி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்குமே?